வெட்டக் கூடாத கரை

செம்பவாங் வட்டாரத்தில் புல் வெட்ட யார் வேண்டுமானாலும் வரலாம். சுவிசேஷமுத்து வெட்டின மாதிரி வெட்ட இன்னொருத்தன் பிறந்துதான் வரவேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அப்பா கப்பல் பட்டறையில் துரு சுரண்டினார். இவர் முதுகில் புல்வெட்டு மெஷினைச் சுமந்தார். சுமந்து சுமந்து சொந்தமாக லாரி வாங்கி, கதவில் தன் பெயரையே எழுதினார். யார் தயவும் இல்லை.

அந்தக் காலத்து ஆபீசர்கள் லேசுப்பட்டவர்களா? புல் கணுக்காலைத் தொட்டால் போதும், கொசு வரும், பாம்பு வரும் என்று அபராதம் போட்டுவிடுவார்கள். ஊர் பளிச்சென்று இருக்கவேண்டும் என்றது அரசாங்கம். பளிச்சென்று வைத்தது யார்? வெயிலில் கருகின முத்து.

இப்போது அதே அரசாங்கம் பேச்சை மாற்றிக்கொண்டது. பூமி சூடாகிறதாம், மழை கண்டபடி கொட்டுகிறதாம், இயற்கை திரும்பி வரவேண்டுமாம். மாதா கோயிலுக்குப் பக்கத்தில், மழைத்தண்ணீர் ஓடும் லோங்காங் கரையை இனி வெட்டவே கூடாது என்று உத்தரவு. உள்ளூர்க் காட்டு மரக்கன்றுகளை நட்டு, நடுவில் புல்லை அதன் போக்கில் விட்டார்கள். வண்ணத்துப்பூச்சி வருமாம்.

அந்தக் கரையைப் பார்த்துக்கொள்ளும் காண்ட்ராக்ட் முத்துவின் கம்பெனிக்குத்தான். கம்பெனியை இப்போது நடத்துவது மகன் ஜெரார்ட், டிப்ளமா படித்தவன்.

"வெட்டாம இருக்கிறதுக்கு ஒரு காண்ட்ராக்டாடா?" என்றார் முத்து.

"பாத்துக்கிறதுக்குப்பா. களையை மட்டும் கையால பிடுங்கணும். மெஷின் உள்ள போச்சுன்னா காண்ட்ராக்ட் கைவிட்டுப் போயிடும் லா. அப்புறம் கம்பெனியை மூட வேண்டியதுதான்."

புல் இடுப்புக்கு வளர்ந்தது. கோயில் திருவிழாவும் வந்தது. வருஷா வருஷம் தேர்ப்பவனிக்கு முன்னால் அந்தக் கரையை முத்து தன் கையாலேயே வெட்டுவார். கூலி கிடையாது, மாதாவுக்கு அவருடைய நேர்ச்சை அது. சனங்கள் மெழுகுவர்த்தியோடு நடக்கும் பாதை இல்லையா?

கொடியேறின அன்று, பூசை முடிந்து வெளியே வந்தவரைக் கூட்டாளி மாசிலாமணி பிடித்துக்கொண்டார்.

"என்ன முத்து, மெஷின் படுத்துடுச்சா, நீ படுத்துட்டியா? மாதா புதருக்குள்ளயா பவனி போகணும்?"

"கவர்மெண்ட் ஆர்டர்யா."

"வேலை செய்யாம இருக்க ஆர்டர் வேறயா! நல்ல ஆளு போ!"

வாசலில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் அவர் கூடவே வந்தது.

பவனிக்கு முதல் நாள் விடிந்ததும் தொழிலாளி வெங்கட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனார். வெங்கட் ராமநாதபுரத்துக்காரன், வேலை பர்மிட்டில் வந்தவன்.

"அண்ணே, சின்னவர் திட்டுவாரு."

"சின்னவரைப் பெத்தவன் நான். நீ குப்பையை மட்டும் அள்ளு."

மெஷினை அவரே மாட்டினார். முட்டிவலி எங்கே போனதென்று தெரியவில்லை. பூவும் புல்லும் கன்றும் ஒரே சீராகச் சாய்ந்தன. கரை பழையபடி பச்சைப் பாயாக விரிந்து கிடந்தது.

மத்தியானம், காண்ட்ராக்டைக் கவனிக்கும் அரசாங்க ஆபீசர் ஹஸீனா வந்தாள், கூடவே ஜெரார்டும். அவள் கத்தவில்லை. குனிந்து, அறுபட்ட கன்று ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"யார் வெட்டினது?"

ஜெரார்ட் அப்பா பக்கம் திரும்பவே இல்லை. "இந்த வொர்க்கர்தான் மேடம். சொன்னது புரியல. பர்மிட்டை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடறேன்."

வெங்கட்டுக்கு முகம் செத்துப்போனது.

"இவனா?" முத்துவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இவன் வெட்டினா இப்படியா இருக்கும்? ஓரத்தைப் பாரும்மா, நூல் பிடிச்ச மாதிரி! இந்தத் தீவுல இப்படி வெட்ட என்னை விட்டா ஆள் ஏது? நான் வெட்டினது!"

"நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க அங்கிள்," என்றாள் ஹஸீனா. "அதான் ஒண்ணுகூடப் பொழைக்கல."

ஜெரார்ட் கெஞ்சினான். அவள் கரை நெடுக நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"செத்த கன்றுக்கெல்லாம் பதிலா உங்க செலவுல வேற நடணும். அங்கிள் இனிமே எந்த சைட்லயும் கால் வைக்கக் கூடாது. அப்படின்னா மேலே பேசிப் பாக்கறேன்."

"ஓகே மேடம்," என்றான் ஜெரார்ட். அப்பா வாயைத் திறக்கும் வரைக்கும்கூட அவன் காத்திருக்கவில்லை.

மறுநாள் பவனியில், "இப்பத்தான்யா கரை மாதிரி இருக்கு!" என்று மாசிலாமணி தோளில் தட்டினார்.

திங்கட்கிழமை காலையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். லாரியைக் காணோம். மகனுக்குப் போன் போட்டார்.

"நீங்க வந்து நிப்பீங்கன்னுதான்பா முன்னாடியே கிளம்பிட்டோம். வீட்ல இருங்க. உங்களுக்கு என்ன குறை?"

வீட்டுக்குத் திரும்பினால் மனைவி ரூபி என்னவென்று கேட்பாள். ரயில் மாறி, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போய், ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார். டீ போடுகிறவன் பூட்ஸைப் பார்த்தான்.

"என்னண்ணே, இன்னிக்கு வேலை இல்லையா?"

"நான் முதலாளிடா," என்றார் முத்து. "நான் போனாத்தான் வேலையே நடக்கணுமா?"