கேபினுக்குள் பக்ருதீன் மாமா

எங்கள் தெரு பக்ருதீன் மாமா மௌத்தான செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்டவுடன் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதலில் வந்தது ஒரு சிரிக்கும் பொம்மை. அடுத்து, "இதுலயுமா வெளாடுவ?" என்று ஒருத்தி. என்னிடம் ஏமாறாதவர் அந்தக் குழுவில் ஒருவரும் இல்லை என்பதால் குற்றம் அவர்கள் மேல் இல்லை. தெருமுனையில் நின்றபடி "உண்மைடி, உண்மைடி" என்று அழுதுகொண்டே தட்டினேன். மாமா பார்த்திருந்தால் அந்தக் காட்சியை ரொம்பவே ரசித்திருப்பார்.

இதை எழுதச் சொன்னது அவர் மனைவி ஆயிஷா மாமி. "அவரத் தெரிஞ்சவங்க படிக்கட்டும். உள்ளத எழுது. மூக்கச் சிந்துற மாதிரி எழுதுன, கொன்னுருவேன்" என்றார். ஆகவே கைக்குட்டைகளை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளவும்.

மாமா துபாயில் கிரேன் ஓட்டியவர். கட்டடத்து உச்சிக்கு இரும்பைத் தூக்குவது தொழில், காலை வாருவது பொழுதுபோக்கு. லிவரைப் பிடித்த விரல்கள் ஒருநாள் சொன்னபடி கேட்காமல் போக, அறந்தாங்கிக்குத் திரும்பி வந்தார். தசைகளை ஆட்டிவைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக அணையும் நோய் என்றார்கள். விசாரிக்க வந்தவர்களுக்கு டாக்டரைவிட அவரே தெளிவாக விளக்குவார். "கிரேன் நல்லாத்தான் இருக்கு. டிரைவரும் கேபின்ல நல்லாத்தான் உக்காந்திருக்காரு. நடுவுல வயருதான் போச்சு."

பேச்சு குழற ஆரம்பித்த சமயத்தில்தான் ரேவதி அக்கா வந்தார். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவர். கம்பிகள் தொங்கும் ஒரு தொப்பி, இட்லி மாவு பதத்தில் ஒரு பசை, ஒரு மடிக்கணினி. பசையைத் தடவித் தொப்பியை மாட்டினால் மூளையின் மின்சாரம் திரையில் கோடுகளாக ஓடும்.

"நெனைக்கிறதையெல்லாம் இது படிக்காது மாமா" என்று அக்கா விளக்கினார். "நீங்க காத்துக்கிட்டிருக்கிற வார்த்தை காதுல விழுந்தா, மூளை லேசா ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளலை மட்டும்தான் கண்டுபிடிக்கும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாமா, நாக்கு தடுக்க. "நெனைக்கிறது பூரா வெளிய வந்தா இவ எனக்குச் சோறு போடமாட்டா."

நான் சிரிக்க, அவரும் சிரிக்க, திரையில் கோடுகள் பேயாட்டம் ஆடின. மூளையின் சத்தம் ரொம்பச் சின்னது, தாடை அசைந்தால் அதில் முங்கிப்போகும் என்று அக்கா என்னை வெளியே அனுப்பினார். வகுப்பைவிட்டு வெளியே நின்ற அனுபவம் எனக்கு நிறைய உண்டு. மூளையைவிட்டு வெளியே நின்றது அதுதான் முதல் தடவை.

நாளாக நாளாக மாமாவின் முகம் அசைவதை விட்டது. சிரிப்பு போனது, பேச்சு போனது, கண்ணைக்கூட ஓரிடத்தில் நிறுத்த முடியவில்லை. தொப்பி மட்டும் மிச்சம். மாமியின் குரலில் ஆறு வார்த்தைகளைப் பதிவுசெய்திருந்தார் அக்கா: தண்ணி, ஃபேன், திருப்பு, வலி, டிவி, கூப்பிடு. காதில் அவை மாறி மாறி ஒலிக்கும். எதற்குத் துள்ளல் வருகிறதோ அது திரையில் எழும். ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு பரிசோதனை உண்டு: அக்கா ஒரு வார்த்தையைச் சொல்வார், மாமா அதற்காகக் காத்திருக்க வேண்டும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று எல்லாம் தப்பாக வர ஆரம்பித்தது.

"இன்னைக்கும் ஒண்ணுகூடச் சரியா வரல மாமி" என்றார் அக்கா ஒரு சனிக்கிழமை. பல நாள் பார்த்துவிட்டார், பசையையும் கம்பிகளையும்கூட மாற்றிப் பார்த்துவிட்டார். "கவனம் கொறஞ்சிருக்கலாம். இல்லேன்னா..." முடிக்கவில்லை.

"அவரு உள்ள இருக்காரா இல்லியா? அத மட்டும் சொல்லும்மா."

"இத வச்சு சொல்ல முடியல மாமி."

தொப்பிக்காக வேறொரு நோயாளி காத்திருந்தார். பயனில்லை என்றால் அடுத்த வாரம் கல்லூரி எடுத்துக்கொள்ளும். மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். எனக்கு அழுகிற இடங்களில் நிற்கத் தெரியாது. திரையைப் பார்த்தேன். ஒருபக்கம் கேட்ட வார்த்தை, ஒருபக்கம் வந்த வார்த்தை. தண்ணி கேட்டால் ஃபேன். ஃபேன் கேட்டால் திருப்பு. கூப்பிடு கேட்டால் தண்ணி.

"அக்கா, ஒண்ணுகூடவா சரியா வரல?"

"அதத்தானடி சொல்றேன்."

"குத்துமதிப்பா அடிச்சாலே ஒண்ணு ரெண்டு சரியா விழுமே. நான் கெமிஸ்ட்ரியில அப்படித்தான் பாஸ் பண்றேன். ஒண்ணுகூட விழலேன்னா, சரியான பதில் தெரிஞ்சவருதான் அதத் தாண்டித் தாண்டிப் போறாரு."

அக்கா என்னை முறைத்தார். பிறகு திரையை முறைத்தார். வந்த பதில்களை அந்த ஆறு வார்த்தை வரிசையில் ஒரு படி மேலே நகர்த்தி ஒப்பிட்டார். ஒன்றிரண்டு நீங்கலாக அத்தனையும் பொருந்தின. கேட்டதற்கு அடுத்த வார்த்தை, கடைசி வார்த்தைக்கு மறுபடி முதல் வார்த்தை. பல நாளாக, ஒரே சீராக.

"மாமி" என்றார் அக்கா. "உள்ளதான் இருக்காரு. நல்லா வசதியா உக்காந்துக்கிட்டு நம்மளச் சுத்தல்ல விட்டிருக்காரு."

மாமி கட்டில் அருகே போனார். "ஏங்க, நான் அழுதது கேட்டுச்சா இல்லியா?"

மடிக்கணினியிலிருந்து மாமியின் குரலே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு போனது. திரையில் எழுந்தது: திருப்பு.

"செய்றதையும் செஞ்சிட்டு எனக்கு முதுகக் காட்டுறீங்களா?" என்று மாமி கத்தினார். கத்தியபடியே சிரித்தார். பல மாதம் கழித்து அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. திருப்பிப் படுக்கவும் வைத்தார்.

தொப்பி அங்கேயே தங்கியது. பின்னர் எழுத்துகளை ஒலிக்கச் செய்து, ஒவ்வொன்றாகப் பிடிக்கும் முறையை அக்கா கொண்டுவந்தார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மாலை ஆகும். மாமா அதில் எங்களுக்குச் சொன்ன முதல் வாக்கியம்: "மிஷினக் கேட்டீங்க, என்னக் கேக்கல." அதன்பின் அக்கா பரிசோதனைக்கு முன்னால், "இன்னைக்கு என்ன செய்யலாம் மாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். இரண்டாவது வாக்கியம் மாமிக்கு மட்டும். அதை அவர் எங்களுக்குக் காட்டவில்லை.

அந்த வேகத்தில் ஒருவர் பேசினால், கேட்பவர்களுக்குக் கை துறுதுறுக்கும். நாங்களே வார்த்தையை முடித்துவைப்போம். ஒருநாள் "பசி" என்று வந்ததும் மாமி அடுப்பங்கரைக்கு ஓடினார், நான் மூக்குக் குழாய்க்கான புனலைத் தேடினேன். கஞ்சியோடு திரும்பி வந்தபோது திரையில் "பசியில்லை" என்றிருந்தது. முகத்தில் ஓர் அசைவு இல்லை. ஆனால் அறை முழுக்க அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: ஒருவர் சொல்ல வருவதை அவரே முடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருப்பது. என் வாயைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று புரியும்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமி, "அவரு..." என்று ஆரம்பிப்பார். "பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாரு" என்று வந்தவர்கள் முடித்துவைப்பார்கள். "இனியாவது நிம்மதி" என்பார்கள். மாமி தலையாட்டிக்கொள்வார். எல்லோரும் போனபின் என்னிடமும், "அவரு..." என்றார். நான் காத்திருந்தேன். ரொம்ப நேரம்.

"அவரு கடைசியாச் சொன்னது என்ன தெரியுமாடி?" என்றார் மாமி. "கஞ்சியில உப்பு பத்தலையாம். மூக்குக் கொழா வழியாப் போற கஞ்சியில!"