கண்ணாடி மூடிக்கு ஏற்றிய சாயம்

சுன்னாகத்தில் எங்கள் வீட்டுக் குசினியில், நான் ஒட்டிச் செய்த சிறு மாதிரிப் போர்விமானத்தில், விமானி பொம்மைக்கு மேலே வரும் கண்ணாடி மூடிக்குச் சாயமேற்றினேன். நிறமில்லாத தரைப் பொலிஷில் மஞ்சள் கேக் கலரிங் கலந்து தோய்த்தேன். எப்போதும் திட்டுத்திட்டாகப் போவது, அன்று தங்கமாய் மினுங்கியது. கால் தரையில் பாவவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உள்ளை இருக்கிற ஆளைத் தெரியேல்லையே. கொஞ்சம் மெல்லிசாப் பூசுங்கோவன்."

"ஏனப்பா? சோக்காத்தானே இருக்கு."

"சண்டைக் காலத்திலை பங்கர்க் குழிக்குள்ளை இருந்து அண்ணாந்து பாக்கேக்கை, ஓட்டிறவன்ரை முகம் ஒருநாளும் தெரியேல்லை."

காயுமுன் கழுவி, சாயத்தைக் குறைத்து மறுபடி தோய்த்தேன். நான் தீட்டிய விமானியின் முகம் மினுக்கத்துக்குள் பளிச்சென்று தெரிந்தது.

"இப்ப தெரியிறான்," என்று விமானத்தை உள்ளங்கையில் ஏந்தி, குனிந்து பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு போர்விமானத்தை அவள் மேலேயிருந்து பார்ப்பது அதுவே முதல் தடவை.