தங்கைக்குப் பார்த்த அறை

சலவைக்கடை வைத்திருந்த பெரியவளுக்கு ஒரே தங்கை. தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாற்பது வயது தாண்டிய பிறகு, ஆஸ்பத்திரியே சம்பளம் கொடுத்து அவளை இரண்டு வருஷம் பல்கலைக்கழகத்தில் படிக்க அனுப்புவதாகச் சொன்னது. செய்தி வந்த அன்று பெரியவள் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாள். அன்று சாயங்காலமே ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரிப் பெட்டியில் கருக்கினாள்.

பெரியவள் படிக்காமல் போனதற்கு யாரும் காரணமில்லை. அப்பா படிக்கத்தான் சொன்னார். அவள்தான் பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டைவிட்டு, கல்யாணம் பண்ணி வையுங்கள் என்று சந்தோஷமாகக் கழுத்தை நீட்டினாள். பழி போட ஒரு ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லாததால் வயிற்றெரிச்சல் மொத்தமும் தங்கை பக்கம் திரும்பியது.

தங்கையின் புருஷன் கப்பலில் சமையல்காரர். எப்போது கரையில் இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கவும் தங்க ஒரு இடம் பிடிக்கவும் அவள் அக்காவைக் கூப்பிட்டாள்.

"நீ வந்தாத்தான்க்கா சரிப்படும். எனக்குப் பேசி வாங்கத் தெரியாது."

பல்கலைக்கழக வாசலில் இருவர் கழுத்திலும் ஆளுக்கொரு அட்டையை மாட்டிவிட்டார்கள். தங்கையின் அட்டையில் அவள் பெயரும் துறையும் இருந்தன. பெரியவளுடையதில் 'உடன் வந்தவர்' என்று மட்டும் இருந்தது. அவள் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். நடக்க நடக்க அது தானாக மறுபடி திரும்பிக்கொண்டது.

சுற்றிக் காட்ட ஒரு மாணவி வந்தாள். நூலகத்தில் ஜன்னலைப் பார்த்தபடி மெத்தை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு பெண் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை. பெரியவள் பகலில் கண்ணயர்ந்தது கடைசியாகப் பிள்ளை பெற்ற சமயத்தில்தான். அடுத்து மருத்துவ மையம், உணவுக்கூடம், நீலத் தண்ணீரோடு ஒரு நீச்சல்குளம். எதைக் காட்டினாலும் தங்கை சிறுபிள்ளை மாதிரி "இது எங்களுக்குமா?" என்று கேட்டாள். மாணவியும் சலிக்காமல் "உங்களுக்கும்தான்" என்றாள்.

கடைசியில் துணி துவைக்கும் அறை. சுவரோரம் வரிசையாக இயந்திரங்கள்.

"துணியப் போட்டுட்டுப் போய்ப் படிக்கலாம் ஆன்ட்டி. முடிஞ்சதும் போனுக்கு மெசேஜ் வந்துடும்" என்றாள் மாணவி.

பெரியவள் ஒன்றின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "காலர் அழுக்கெல்லாம் இதுல போகாது" என்றாள். அதற்குள் மற்ற இருவரும் வெளியே போயிருந்தார்கள்.

விடுதியில் இடம் நிரம்பிவிட்டது. அலுவலகத்தில் வெளி வீடுகளின் முகவரி கொடுத்தார்கள். முதல் வீட்டின் கீழே மோட்டார் பட்டறை. இரண்டாவது வீட்டுச் சுவரில் ஈரம் பூத்திருந்தது. இரண்டையும் பெரியவள் வாசலிலேயே தள்ளிவிட்டாள். மூன்றாவது, ஓய்வுபெற்ற தபால்காரம்மாவின் வீடு. மாடியில் ஒரே அறை, அதற்குத் தனிப் படிக்கட்டு. கட்டில், அகலமான மேஜை, மேஜைக்கு எதிரே மரக்கிளைகள் தெரியும் ஜன்னல். போர்வை கூட ஒழுங்காக வெளுத்து மடித்திருந்தது. குறை சொல்லப் பெரியவளுக்கு வாய் வரவில்லை.

தங்கை புருஷனிடம் போனில் அறையைக் காட்டிக்கொண்டு மாடியிலேயே நின்றுவிட்டாள். பெரியவள் நடு அறையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறந்த வீட்டில் ஒரே பாயில் நாலு பேர். புகுந்த வீட்டிலோ படுக்கையறையிலும் ஊரார் துணி காயும். கதவைச் சாத்தினால் தான் மட்டும் இருக்கிற ஓர் இடம் அவளுக்கு வாய்த்ததே இல்லை. இறங்கி வந்தாள். தபால்காரம்மா தண்ணீர் கொடுத்தார்.

"தங்கச்சி அமைதியான பொண்ணாத் தெரியுது."

"அமைதிதாங்க" என்றாள் பெரியவள். டம்ளரைக் கீழே வைத்தாள். "ராத்திரிலதான் கொஞ்சம் தொந்தரவு. தூக்கத்துல எழுந்து நடப்பா. ஒரு தடவ அடுப்பப் பத்தவச்சுட்டா."

எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தபால்காரம்மாவின் முகம் மாறிவிட்டது. தங்கை இறங்கி வந்ததும், சொந்தக்காரப் பெண் ஒருத்தி வருவதாகச் சொல்லியிருந்ததை மறந்தே போனேன் என்றார்.

பஸ்ஸில் தங்கை உதட்டைக் கடித்தபடி வந்தாள். "போகட்டும் விடுடி, வேற கிடைக்காமயா போயிடும்" என்று பெரியவள் முதுகைத் தடவினாள். தடவும்போதே கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் குமட்டலாகவும் இருந்தது.

கடைசியில் தங்கைக்கு, மூன்று இளம்பெண்களோடு ஒரு நெருக்கடியான வீட்டில் ஒரு கட்டில்தான் கிடைத்தது. பாவம், திண்டாடுவாள் என்று பெரியவள் நினைத்தாள். ஆனால் போன் பண்ணினால் எப்போதும் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அப்புறம் பேசறேன்க்கா" என்று தங்கை பாதியில் வைத்துவிடுவாள். பொறுக்கமாட்டாமல் ஒரு சனிக்கிழமை, கடையில் துவைத்த கம்பளி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் பெரியவள் கிளம்பிப் போனாள்.

தங்கை ஈரத் தலையோடு கதவைத் திறந்தாள். நீச்சல் கற்றுக்கொள்கிறாளாம். அந்தப் பெண்கள் அவளை 'கேப்டன்' என்று கூப்பிட்டார்கள். எதற்கு என்று கேட்டால் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவளும் ஒப்புக்குச் சிரித்தாள். தான் கெடுக்கப்போய் இவளுக்கு இப்படி நல்லதாக விடிந்திருக்கிறதே என்று இருந்தது.

பெண்கள் கடைக்குப் போன பிறகு தங்கை தலையைத் துவட்டியபடியே சொன்னாள்.

"அந்தத் தபால்காரம்மாவ வழில பாத்தேன். இப்ப தூக்கத்துல நடக்கறது தேவலையான்னு கேட்டாங்க."

பெரியவள் கம்பளியை இன்னொரு மடிப்பு மடித்தாள். "நீ என்ன சொன்ன?"

"மருந்து சாப்பிடறேன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? எங்கக்கா பொய் சொன்னான்னா?" துண்டைக் கட்டிலில் எறிந்தாள். "ஏன்க்கா?"

"அந்த ரூம் நல்லா இருந்துச்சு."

"அதுக்கு?"

"அது உனக்குக் கிடைக்கறத என்னால பாத்துட்டு நிக்க முடியல. அவ்வளவுதான்டி. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

தங்கை போய்க் கதவைத் திறந்து பிடித்தாள். பிறகு, "நீ கெளம்பு. இன்னைக்கு என்னால உன்கூட இருக்க முடியாது" என்றாள்.

பெரியவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் தபால்காரம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அறை இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"ஒரு வாரத்துக்குத் தருவீங்களா? எனக்குத்தான்."

தபால்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களும் தூக்கத்துல நடப்பீங்களா?"

"இல்லைங்க. என் தங்கச்சியும் நடக்க மாட்டா. நான்தான் பொய் சொன்னேன்."

தபால்காரம்மா உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து, "அடுப்பத் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

பெரியவள் புருஷனுக்குப் போன் பண்ணி, கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கஞ்சி மாவு எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். "தேடுங்க, கிடைக்கும்" என்றாள். கதவைச் சாத்திவிட்டு, கட்டிலின் நடுவில் கை காலை விரித்துப் படுத்தாள். மறுநாள் பகலிலும் தூங்கினாள். மேஜையருகே உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் மரத்தைப் பார்த்தாள். மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல் அறை ஒரே நிசப்தமாக இருந்தது. தங்கை வீட்டுச் சிரிப்புச் சத்தம் ஞாபகத்துக்கு வந்து பொறாமை மறுபடி தலைதூக்கியது. இது என்னோடுதான் குடியிருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

சாயங்காலம் படிக்கட்டில் காலடிச் சத்தம். தங்கை. யார் சொல்லி வந்தாள் என்று பெரியவள் கேட்கவில்லை. தங்கையின் முகத்தில் கோபம் இன்னும் தணியவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள், மேஜையை விரலால் தடவினாள்.

"நல்ல ரூம்தான்" என்றாள். பிறகு பாடப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நாளைக்குப் பரீட்சை. அங்க ஒரே கூச்சல். பேச்சுக் குடுக்காத."

பெரியவள் கட்டிலில் ஓரமாக நகர்ந்து, சத்தமில்லாமல் படுத்துக்கொண்டாள்.