ஐந்தாவது போத்தல்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை மருந்துக்கடைக்காரர் ஒல்லியானவர். எந்த மருந்தைப் போத்தலில் ஊற்றினாலும் தானே ஒருமுறை முகர்ந்து பார்த்துத்தான் கொடுப்பார்.

அப்போது நான் அரசாங்கக் குமாஸ்தா. ஊழியர்களைப் பல் கிளினிக்குக்கு அனுப்பும் 'பாரம்' என்ற படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்புவது என் வேலை. என் கடைவாய்ப் பல் வலித்தபோது மட்டும் பல் டாக்டரின் குறட்டுக்குப் பயந்து, பாரத்தைத் தொடாமல், அவரிடம் மவுத்வாஷ் வாங்கிக் கொப்பளித்தேன். வாய் மணத்தது, வலி போகவில்லை.

ஐந்தாவது போத்தல் கேட்டபோது அவர் தரவில்லை.

"வாயத் திறங்க தம்பி." எட்டிப் பார்த்தார். "இது வாசத்துக்குத்தான் லா. சொத்தைய ஒண்ணும் செய்யாது. கிளினிக்குக்குக் கிளம்புங்க, நானும் வரேன்."

"பாரம் இல்லாம பார்க்க மாட்டாங்களே."

"பாரம் எழுதுறதே நீங்கதானே?"

எழுதினேன். அவர் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தார். பல்லைப் பிடுங்கிய டாக்டர், முன்பே வந்திருந்தால் அடைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்று கடைக்காரர் எதிரிலேயே சொன்னார்.

அவர் முகம் வாடிவிட்டது. "மொதப் போத்தல்லயே சொல்லியிருக்கணும். நாலு வித்துட்டேன். மன்னிச்சுக்குங்க தம்பி."

முப்பது வருட உத்தியோகத்தில், முறைப்படி செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்ட வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. தப்பு என்னுடையதுதான் என்று அவரிடம் சொல்ல, வாயில் அடைத்திருந்த பஞ்சு விடவில்லை.