முதல் வரிக்கு மேலே

அம்பிகாவின் கணவன் ஜெகதீசன் திண்டிவனம் பைபாஸில் லாரி மோதி இறந்து ஒரு மாதம்கூட முடியவில்லை. அவள் வேலைக்கு வந்துவிட்டாள். அழவில்லை. கல்லு மாதிரி இருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பேசுகிற வாய்க்கு என்ன, எதையும் பேசும். அவளுக்கும் அழ ஆசைதான். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. துக்கம் விசாரித்தவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் செத்துவிட்டார் என்று தன் வாயால் யாரிடமும் சொல்லவில்லை.

விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தரும் சி மொழிப் புரோகிராம் அவள் எழுதியது. ஊர்ப்பெயரை இங்கிலீஷில் பெரிய எழுத்தில் அடித்திருந்தாலும் சின்ன எழுத்தில் அடித்திருந்தாலும் கண்டுபிடிக்க strcasestr என்ற ஃபங்ஷனை அதில் வைத்திருந்தாள். எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் ஒவ்வொரு முறையும், இதை எனக்குத் தெரியாது என்று ஒரு வார்னிங் கொடுக்கும். "எரர் இல்லியே? உடும்மா" என்பார் மேனேஜர் ராஜாமணி. விட்டாள். வருஷக்கணக்காக ஓடியது.

அவள் வேலைக்குத் திரும்பிய சில நாளில், 2010இல், பழைய மெஷின் புகைந்து போய், 64 பிட் மெஷின் வந்தது. அன்று காலையில்தான் அனந்தபுரத்திலிருந்து சின்னபொண்ணு என்பவளைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ்; கையிருப்பில் ஒரு பாட்டில்கூட இல்லை. தேடச் சொன்னதும் புரோகிராம் விழுந்து செத்தது. வெளியே சின்னபொண்ணின் புருஷன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னாம்மா பேஜாரு பண்ணிக்கினு! ஜல்தி பாரு" என்று கத்தினார் ராஜாமணி.

அம்பிகா கையேட்டுப் பக்கத்தைத் திறந்தாள். strcasestr எல்லா சிஸ்டத்திலும் கிடைக்கிற சரக்கு அல்ல. ஃபங்ஷன்கள் அடங்கிய லைப்ரரியில் இருக்கும், ஆனால் கேட்டால்தான் தலை காட்டும். கேட்பதற்கு #define _GNU_SOURCE என்று ஒரு வரி வேண்டும். கேட்காவிட்டால் கம்பைலர் அது ஏதோ சாதா எண்ணைத் தருகிறது என்று நினைத்துக்கொள்ளும். பழைய மெஷினில் அதனால் கெடுதல் இல்லை; புது மெஷினில், விடை இருக்கும் இடத்தைக் காட்டும் நீளமான மெமரி முகவரி பாதியாக வெட்டுப்பட்டுவிடும்.

வரியைச் சேர்த்தாள். மறுபடியும் விழுந்தது.

காரணம், 1993இல் திண்டிவனத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்குப் பழக்கிவிட்ட புத்தி அது. அங்கே புரோகிராமின் முதல் வரியான #include<stdio.h> என்பது பிள்ளையார் சுழி. அதற்கு மேலே எதையும் எழுதக் கூடாது. எழுதினால் மார்க்கில் கை வைப்பார்கள். ஏன் என்று கேட்டவர் ஒருவரும் கிடையாது. அவள் விரல்களும் புது வரியைத் தாமாகவே சுழிக்குக் கீழே வைத்திருந்தன. கையேட்டிலோ அது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. stdio.h போன்ற ஹெடர் ஃபைல் திறந்த பிறகு கேட்டால் யார் காதில் விழும்?

வரியை வெட்டி உச்சியில் ஒட்டினாள். வார்னிங் வரவில்லை. ஓ நெகட்டிவ் என்றும் விழுப்புரம் என்றும் கொடுத்தாள். பெயர்கள் வந்தன.

அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் இருதயமேரி போனைக் கையில் எடுத்துவிட்டாள். "மொத பேரு ஜெகதீசன். கிட்டக்கதான் இருக்காரு. கூப்பிடட்டுமாக்கா?"

"வேணாம்மா. அவரு என் வூட்டுக்காரரு. செத்துட்டாரு." கடையில் விலை சொல்வதுபோல் குரல் வந்தது. "அடுத்தது தேவநாதன். அவரைக் கூப்பிடு."

இருதயமேரிக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் எண்களை அழுத்தினாள். தேவநாதன் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தாராம். கையைக் கழுவிவிட்டு உடனே வர்றேன் என்றார். அதைச் சின்னபொண்ணின் புருஷனிடம் சொல்ல அவள் வெளியே ஓடினாள்.

அம்பிகா திரையைப் பார்த்தாள். ஜெகதீசன் பெயருக்கு எதிரே, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதியைக் கணக்குப் பார்த்து, இவர் மறுபடியும் கொடுக்கலாம் என்று அவள் எழுதிய புரோகிராம் காட்டிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.