தயாளன் திருப்பிக் கொடுக்க முடியாத சவரக்கத்தி

தயாளன் போய்விட்ட செய்தியை அவர் மனைவி கலாதான் எனக்குச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆவடி மார்க்கெட்டில் காய்கறிப் பையோடு நின்றிருந்தபோது போன் வந்தது. "மேடம், அவரு பூட்டாரு" என்றார் கலா. நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் சட்டென்று புரியாமல், "எங்கே போயிட்டார்?" என்று கேட்டுவிட்டேன். அதற்குக் கலா, "டீ குடிச்சிகினே இருந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். அந்தக் கேள்வியைக் கலாவிடம் கேட்டது இன்னும் என்னை உறுத்துகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்குத் தயாளனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கிரைண்டிங் மெஷினில் இரும்புத் துண்டுகளை அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பவர். நான் அந்தத் துண்டுகளை மைக்ரோமீட்டர் கருவியால் அளந்து பார்த்து, தேறாதவற்றில் சிவப்பு மை வைப்பவள். அதாவது, அவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்காகவே எனக்குச் சம்பளம். சிவப்பு மையைப் பார்த்தால் அவர் கோபப்பட மாட்டார். "துண்டு சரியாத்தான் கீது மேடம், உங்க மைக்ரோமீட்டருக்குத்தான் இன்னிக்கு மூடு சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார். அது கம்பெனியின் துண்டு. அவருக்கு அதில் மனசு கிடையாது.

மனசு முழுக்க நூம்பலில் இருந்த அவர் வீட்டின் பின்கட்டில் இருந்தது. பூந்தமல்லியில் ஒரு பழைய இரும்புக் கடையில், துருப்பிடித்து மூட முடியாமல் கிடந்த மடக்குச் சவரக்கத்தி ஒன்றை விளையாட்டாக வாங்கி வந்தார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துருவெடுத்து, கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து அதைப் பளிச்சென்று ஆக்கியபின் அவரால் நிறுத்த முடியவில்லை. ஊர் ஊராக யார் யாரோ தங்கள் கத்திகளை அனுப்பத் தொடங்கினார்கள். கூர் பார்ப்பது இடது முழங்கை மயிரில்தான். அந்தக் கை எப்போதும் மழமழவென்று இருக்கும். "தயாளனுக்கு ஒரு கை அப்பாவோடது, ஒரு கை அம்மாவோடது" என்று கேன்டீனில் கிண்டல் செய்வோம்.

அவர் குடும்பம் அந்த ஊரில் பல தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம். பொங்கலுக்கு மறுநாள் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணன் என்னை வைத்துக்கொண்டே ஆரம்பித்தார். "பயிர் வெச்ச ஊடு இது. நீ இன்னாடான்னா சவரக்கத்தி தீட்டிகினு கீற. நாலு பேரு இன்னா சொல்வான்?" தயாளன் சோற்றிலிருந்து கையெடுக்கவில்லை. "வாரா வாரம் கடையாண்ட போயி கழுத்த நீட்டிகினு உக்கார்றியே, அப்போ அந்தக் கத்தி உனக்கு ஒசத்தியா கீதா?" என்றார். அண்ணன் எழுந்து போனார். அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, தயாளனைத் தவிர. அந்த மாதிரிப் பேச்சு அவரைத் தொடவே தொடாது.

தொட்டது வேறொன்று. வெள்ளானூரிலிருந்து சுமதி என்ற பெண் ஒரு கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய அப்பா குமணன்சாவடியில் சலூன் வைத்திருந்தவர். இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கத்தியில் துரு ஏறியிருந்தது. கொம்பில் செய்த கைப்பிடி விரிசல் விட்டிருந்தது. தயாளன் ராத்திரி பகலாக உட்கார்ந்து, அலகைக் கண்ணாடியாக்கி, பழைய பிடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கருங்காலியில் புதுப்பிடி செய்து பித்தளை ஆணி அடித்துக் கொடுத்தார். சுமதி அதை விரித்துப் பார்த்தார், மூடினார். "அழகாத்தான் கீது. அப்பா கட்டைவிரலு தேஞ்சி ஒரு குழி இருந்துதே, அந்தப் பிடி எங்க?" என்று கேட்டார். குப்பையில் போயிருந்தது. "ஒடஞ்ச பிடிய வெச்சிகினு இன்னாம்மா பண்ணப்போற?" என்றார் தயாளன். சுமதி கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் தயாளன் என் மேஜைக்கு அந்தக் கத்தியோடு வந்து, இதையெல்லாம் ஏதோ வேடிக்கை போலச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. கத்தியை வாங்கிப் பார்த்தேன். அவ்வளவு அழகான வேலையை அவர் கையிலிருந்து நான் பார்த்ததே இல்லை.

"சொல்லுங்க மேடம். பாஸா, ரிஜெக்ட்டா?"

"அந்தப் பொண்ணு என்ன செய்யச் சொன்னாங்க?"

"துரு எடுத்து கூர் போடச் சொல்லிச்சு."

"பிடியை மாத்தச் சொன்னாங்களா?"

அவர் கத்திக்காகக் கையை நீட்டினார்.

"அப்போ ரிஜெக்ட்தான், தயாளன்."

கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். அதற்குப்பின் பல வாரம் என்னிடம் பேச்சில்லை. துண்டுகளை வைப்பார், போவார். மைக்ரோமீட்டரைக் குறை சொல்லவும் இல்லை. வீட்டிலும் அப்படித்தான் இருந்தார் என்று கலா சொன்னார். பின்பக்கத்துக் காலி மனையில், குப்பை கொட்டும் இடத்தையெல்லாம் குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறார். "அந்தப் பொண்ணு மறந்துகூட இருக்கும், நீ உட மாட்டியா" என்று கலா கேட்டதற்கு, "மறக்கறதுக்கா கொண்ணாந்து குடுத்துச்சு?" என்றாராம்.

பிறகு ஒருநாள் டீ நேரத்தில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கொம்புப் பிடியை எடுத்து வைத்தார். எங்கோ தேடிப் பழைய கொம்பு வாங்கி, அதேபோலச் செதுக்கி, கட்டைவிரல் படும் இடத்தில் அரத்தால் மெல்லக் குழி தேய்த்திருந்தார். வருடக்கணக்காகக் கைபட்டுத் தேய்ந்தது என்று யாரும் நம்பிவிடுவார்கள்.

"குடுக்கப்போறீங்களா?" என்று கேட்டேன்.

"இதுல என் வெரலுதான் மேடம் உக்காருது. அந்தாளு வெரலு எப்படி வரும்? இது பொய்யி" என்றார். அங்கேயே பெஞ்சின் விளிம்பில் வைத்து அதை இரண்டாக உடைத்தார். உடைத்தபிறகு டீயைக் குடித்து முடித்தார்.

கத்தி வேலையை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் பழைய வேகம் இல்லை. யார் கத்தி கொடுத்தாலும் முதலில் போன் போட்டு, "இதுல எதைத் தொடக்கூடாது, அதைச் சொல்லுங்க" என்று கேட்பார். கழற்றிய ஆணியைக்கூடக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். சிலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். "நல்லா வந்திருக்கு" என்று யாராவது பாராட்டினால் முகம் மலராது. இன்னும் என்ன சொல்லப்போகிறார்கள் என்று காத்திருப்பதுபோலப் பார்ப்பார். சுமதியின் கத்தி மட்டும் அவர் வீட்டு அலமாரியில் கிடந்தது.

காரியம் முடிந்தபின் கலா என்னைக் கூப்பிட்டார். "அந்தக் கத்திய ஊட்ல வெச்சிக்க எனக்குத் தெம்பில்ல மேடம். கூட வாங்க" என்றார். இருவரும் வெள்ளானூருக்குப் போனோம். புது மனைகளுக்கு நடுவே ஒதுங்கியிருந்த சிறிய வீடு. கலா யாரென்று சொன்னதும் சுமதி நாற்காலியை இழுத்துப் போட்டார். தயாளன் இறந்ததைச் சொன்னோம். சுமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவரு இங்க வந்தாரு அக்கா" என்றார்.

கலாவுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.

"எப்போ?" என்றார் கலா.

"மழைக்கு முன்னாடி. கதவாண்டயே நின்னாரு. 'என் தப்பும்மா. உன்னக் கேக்காம தூக்கிப் போட்டேன்'னாரு. வேற ஒண்ணும் சொல்லல. கத்திய நீட்டினாரு. நான் வாங்கல. கதவச் சாத்திட்டேன்." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "கோவந்தான். இல்லன்னு சொல்லல. இன்னிக்கும் அந்தப் பிடிய நெனச்சா மனசு ஆறல. ஆனா இன்னொருக்கா வருவாருன்னு நெனச்சேன். வந்தா உள்ள கூப்புடணும்னு இருந்தேன்."

கலா துணியைப் பிரித்துக் கத்தியை நீட்டினார். சுமதி இம்முறை வாங்கிக்கொண்டார். விரித்துப் பார்க்கவில்லை. கிளம்பும்போது கலாவும் சுமதியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். யார் யாருக்கு ஆறுதல் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றவர்கள் வேலையில் குறை சொல்லியே பிழைப்பு நடத்துகிறவள் நான். சிவப்பு மை வைத்ததும் மெஷின் சரியில்லை, இரும்பு சரியில்லை, அவசரப்படுத்தினார்கள் என்று காரணங்கள் வரும். நானும் என் மேலதிகாரியிடம் அப்படித்தான் பேசுகிறேன். உடைந்த பிடி, விரிசல், நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்லத் தயாளனுக்கும் காரணங்கள் இருந்தன. அந்த வாசலில் அவர் ஒன்றையும் சொல்லவில்லை.

கதவு சாத்தப்பட்டபின் அவர் கத்தியோடு அவ்வளவு தூரம் திரும்பி வந்திருக்கிறார். வீட்டில் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்கு வந்து என் மேஜையில் துண்டுகளை வைத்திருப்பார். நானும் அளந்து பார்த்திருப்பேன். தயாளனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த இரண்டு வாக்கியங்கள்தான். என் தப்பு. உன்னைக் கேட்காமல் தூக்கிப் போட்டேன். அதற்குமேல் ஒன்றும் சேர்க்காமல் நிற்க எனக்கு இன்னும் வரவில்லை.