செல்வராஜ் சொல்லாமல் சொன்ன ஸ்கோர்

அக்டோபர் மாத விடியற்காலையில், அஜ்மானில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னாலிருக்கும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது, என் ஒரு காதில் மைதானம் நிறைய அமெரிக்கர்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அது இன்னும் நேற்றுதான். எனக்கு இன்று ஆரம்பித்துவிட்டது; அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும், இவர் குளித்துக்கொண்டிருப்பார், நான் கரண்டியும் கையுமாக, எவனோ ஒருவன் பந்தை எறிவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மதுரையில் பிறந்து வளர்ந்த, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்க்கிற, பதினேழு வயதுப் பெண்ணுக்கு அம்மாவான ஒருத்திக்கு பேஸ்பால் எதற்கு என்று கேட்கிறவர்கள் வரிசையில் வரலாம். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. கிரிக்கெட் மட்டும் என்ன, உங்கள் பாட்டன் சொத்தா என்று திருப்பிக் கேட்பதோடு இப்போதெல்லாம் நிறுத்திக்கொள்கிறேன்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? இந்த ஊரில் எந்த டீக்கடைக்குள் நுழைந்தாலும் கிரிக்கெட் ஓடும். எங்கள் ஆட்டத்தைப் பார்க்க நான் பணம் கட்டிய செயலி, சீசன் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு, பிளேயாஃப் என்கிற நாக்அவுட் சுற்றுகள் தொடங்கியதும் ‘உங்கள் பகுதியில் இது கிடைக்காது’ என்று சொல்லும். அதென்ன என் பகுதி? நான் என்ன நிலாவிலா இருக்கிறேன்? போதாக்குறைக்கு, துபாய் மால்களில் பத்துத் தலைக்கு ஒரு தலையில் எங்கள் பரம எதிரி அணியின் தொப்பி. ஒருநாள் லிஃப்டில் அதை மாட்டிக்கொண்டு நின்றவரிடம், பொறுக்க முடியாமல், இந்த அணியைப் பிடிக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “நோ மேடம், திஸ் ஃபார் சன்” என்றார். வெயிலுக்காம். என் அணியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். கண்ணு பட்டுவிடும்.

அலுவலகக் கதை இன்னும் மோசம். ஒரு வருடம், மறுநாள் காலை கொஞ்சம் தாமதமாக வருவேன் என்று சொல்லப்போன இடத்தில், என் பக்கத்து மேஜைக்காரி ஹனானிடம் “டுமாரோ பிளேயாஃப்” என்றேன். ஹனான் எகிப்துக்காரி, நல்லவள். அவள் காதில் விழுந்தது ‘லேஆஃப்’, ஆட்குறைப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எங்கள் தளத்தில் ஒரு முகத்திலும் ரத்தமில்லை. ஒருவர் ஊருக்குப் போன் போட்டு மனைவியிடம் பிளாட் புக் பண்ண வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டு, உனக்கு யார் சொன்னது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே அவருக்கும் பயம் இருந்தது. விளையாட்டு என்று விளக்கியதும், “கலாஸ், கலாஸ்”, போதும் போதும் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டத்தின் பெயரைச் சொன்னால்கூட வேலை போய்விட்டது என்றுதான் கேட்கும்படி எங்கள் காதுகளைப் பழக்கி வைத்திருக்கிறார்களே, அதற்கு யாரைப் போய்த் திட்டுவது? ஹனானைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது சவூதியில், அல் கோபாரில். கல்யாணமான புதிதில் இவருக்கு அங்கே எண்ணெய் சார்ந்த ஒரு கம்பெனியில் வேலை. மதில் சுற்றிய குடியிருப்பில் எங்களுக்கு ஒரு வீடு. எம்.காம். முடித்துவிட்டுப் போனேன், வேலை பார்க்க எனக்கு விசா கிடையாது, அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் கார் ஓட்டவும் முடியாது. காலையில் இவர் போனால் சாயங்காலம் வரை நான் சுவரைத்தான் பார்க்க வேண்டும். குடியிருப்பின் பொது அறையில் ஒரு பெரிய டிவி இருந்தது. அதில் முந்தின நாள் ஆட்டத்தைத் திரும்பப் போடுவார்கள். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி ஒருவர் கம்பளி பின்னிக்கொண்டே பார்ப்பார். நானும் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் திரையில் ஒருவன் பந்தை அடிக்கவே இல்லை, மட்டையைக் கீழே போட்டுவிட்டு நடந்தான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “இட்ஸ் எ வாக்” என்றார். வாக்கிங் கூப்பிடுகிறார் என்று நினைத்து, வீட்டுக்கு ஓடிப்போய் ஷூவை மாட்டி, தலையைச் சீவிக்கொண்டு வந்து நின்றேன்.

எறிகிறவன் நாலு பந்தைத் தப்பாகப் போட்டால் அடிக்க வேண்டியவன் அடிக்காமலே மைதானத்தின் முதல் பேஸுக்கு நடந்து போகலாம், அதற்குத்தான் அந்தப் பெயர் என்று அப்புறம் விளங்கியது. அந்த அம்மாள் சிரித்து முடித்துவிட்டு, நிஜமாகவே என்னை வாக்கிங் கூட்டிப்போனார். மதிலுக்குள்ளேயே மூன்று சுற்று. கேட்டுக்கு வெளியே தனியாக ஒரு தெரு நடக்க எனக்கு வழியில்லாத நாட்களில், டிவிக்குள் ஒருவன் சாவகாசமாக நடந்து போனான், மைதானமே அவனுக்கு வழிவிட்டது. என்ன நியாயம் இது என்று எரிச்சலோடுதான் பார்க்க ஆரம்பித்தேன். எரிச்சல் எப்போது பிரியமாக மாறியது என்று தெரியவில்லை. அந்த அம்மாளின் ஊர் அணியே என் அணியானது.

என் மகள் மது பிறந்தது அல் கோபாரில், வளர்ந்தது அஜ்மானில். தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். நான் அவளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஏழெட்டு வயதிலேயே அவள் என்னோடு சண்டைக்கு நின்றாள், இந்த எறிபவனை ஏன் மாற்றவில்லை, அந்த ஆளை ஏன் முதலில் இறக்கினார்கள் என்று. இவர் எங்கள் இருவரையும் ‘அந்த அமெரிக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள்’ என்பார். ஆனால் வளைகுடாவில் ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையை எங்காவது அனுப்பிவிட வேண்டும். பிறந்து வளர்ந்த பூமியில் அவளுக்குக் காலத்துக்கும் இருக்க உரிமையில்லை; நான் பிறந்த பூமியிலோ அவள் ஒரு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. மதுவுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி என்று முடிவானது. ஆகவே அந்த அக்டோபர் எங்களுக்குக் கடைசி அக்டோபர்.

அந்த வருடம் என் அணி அரையிறுதித் தொடரில் மூன்றுக்கு மூன்று என்று நின்றது. ஏழாவது ஆட்டம், இங்கே ஒரு வேலை நாளின் விடிகாலையில். அன்றுதான் மதுவுக்கு இயற்பியல் தேர்வு. அடுத்து வந்த வாரங்களிலும் தேர்வுகள். ஜெயித்தாலும் தோற்றாலும் நாங்கள் சேர்ந்து பார்க்கப்போகிற கடைசி ஆட்டம் அதுதான் என்று இருவருக்குமே தெரியும். சாயங்காலம் பதிவை ஒன்றாகப் பார்ப்போம், அதுவரை நான் ஸ்கோர் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம். “வித்தவுட் மீ பாத்தேன்னா உங்கூட பேசவே மாட்டேம்மா” என்றாள். யாருக்கும் தெரியாத ஆட்டத்தைப் பார்ப்பதில் இந்த ஒரு லாபம் உண்டு. இந்த நாட்டில் எவரும் வாய் தவறிக்கூட ஸ்கோரைச் சொல்லிவிட மாட்டார்கள்.

இருந்தாலும் காரில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினேன். அஜ்மானில் வாடகை குறைவு, வேலையோ துபாயில்; நாங்கள் நாலு பேர் செல்வராஜின் காரில் போய்வருகிறோம். அறந்தாங்கிக்காரர், ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தினமும் காலையில் “என்னக்கா, உங்க கிட்டிப்புள் என்னாச்சு?” என்று என்னைச் சீண்டுவதுதான் அவருக்கு முதல் வேலை. அன்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன், ஸ்கோரைப் பற்றி மூச்சுவிட்டால் நடுரோட்டில் இறங்கிவிடுவேன் என்று. “எனக்கு எதுக்குக்கா அது, சத்தியமா வாயத் தொறக்க மாட்டேன்” என்றார்.

வாயைத் திறக்கவில்லைதான். சாயங்காலம் திரும்பும்போது காரில் பாட்டு இல்லை. வழக்கமாக ஷார்ஜா நெரிசலில் நாலு பேரைத் திட்டுகிறவர், அன்று யாரையும் திட்டவில்லை. வழியில் ஒரு கடையோரம் நிறுத்தி, கேட்காமலே கரக் சாயா வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் கட்டடத்து வாசலில் நான் இறங்கினால், எந்த அவசரத்திலும் “அப்ப வரட்டாக்கா” என்று சொல்லாமல் போகமாட்டார். அன்று ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார். நான் கதவைச் சாத்தியதும் ஒரு வார்த்தை இல்லாமல் போய்விட்டார்.

சாவு வீட்டிலிருந்துதானே அப்படிப் போவார்கள்? போய்ட்டு வர்றேன் என்று அங்கே சொல்லக் கூடாது. சத்தம் காட்டாமல் எழுந்து போய்விட வேண்டும். பாவி மனுஷன், வாயைத் திறக்காமலே சொல்லிவிட்டாரே! தோற்றுவிட்டோம். வந்த ஆத்திரத்தில் அந்தச் சாயாவை அப்படியே மண்ணில் ஊற்றினேன். பத்து வருடமாக என்னைக் கேலி செய்த ஆளுக்கு, அந்த ஒரு நாள் பார்த்து என்ன அக்கறை வேண்டிக்கிடக்கிறது?

மேலே போனால் மது தொப்பியும் அதுவுமாக, வெங்காய பஜ்ஜியைத் தட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொல்ல முடியுமா? சிரித்த முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரணி ஆரம்பத்திலேயே இரண்டு தடவை பந்தைக் கோட்டைவிட்டது, எங்களுக்கு நாலு ரன். மது துள்ளினாள். நானும் துள்ள வேண்டியிருந்தது. நாலுக்கு ஒன்று, நாலுக்கு மூன்று என்று அவர்கள் நெருங்க நெருங்க, இதோ, இதிலேதான் கவிழப்போகிறது என்று ஒவ்வொரு பந்துக்கும் காத்திருந்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸில், அதுதான் கடைசி, எதிரணியின் கடைசி வாய்ப்பு. ஒருவன் அவுட்டானால் முடிந்தது, அடித்துவிட்டால் ஆட்டம் கைமாறிவிடும். எங்கள் ஆட்கள் ஒன்பது பேர் களத்தில் குனிந்து நிற்கிறார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை. மதுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு நிமிடத்தில் இந்த முகம் வாடப்போகிறது, அடுத்த வருடம் வாடினால் பார்க்க நான் இருக்கமாட்டேன் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

“ஏம்மா அழற? இன்னும் முடியலியே” என்றாள்.

முடிந்தது. கடைசி ஆள் அவுட். நாங்கள் ஜெயித்துவிட்டோம். மது சோபாவில் ஏறிக் குதிக்கிறாள், இவர் என்னவோ ஏதோ என்று உள்ளேயிருந்து ஓடிவருகிறார், நான் அடித்துவைத்த சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். வந்தது பாருங்கள் எனக்கு ஆத்திரம். போனை எடுத்துச் செல்வராஜைக் கூப்பிட்டேன். ஏன் தம்பி, சாயங்காலம் சொல்லிக்கொள்ளாமல் போனீர்கள் என்று கேட்டேன்.

“எப்படிக்கா சொல்லிக்கிட்டுப் போறது? சாப்பாட்டு நேரத்துல மனசு கேக்காம எடுத்துப் பாத்தேன். கடேசிக் கட்டத்துல உங்க ஆளுங்களுக்கு சைபர், அவங்களுக்கு ரெண்டு. ஒம்பதாவதுல ஆடக்கூட விடாம பெருக்கல் போட்டு அடிச்சிட்டான். எனக்கு அதுக்கப்புறம் சோறே எறங்கல.”

நம் ஊரில் மதிப்பெண் பட்டியல் பார்த்துப் பழகிய கண் அது. மொத்தம் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கும் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும். பேஸ்பால் பலகையிலோ கடைசிக் கட்டம் என்பது அந்த அணி செய்த தவறுகளின் எண்ணிக்கை. நாங்கள் தவறே செய்யவில்லை, அதற்கு சைபர். அவர்கள் கோட்டைவிட்டதற்கு இரண்டு. ஜெயித்தது உறுதியாகிவிட்டதால் சொந்த ஊரில் ஆடிய எங்கள் அணி கடைசியாக ஆட வேண்டியதில்லை, அதற்குத்தான் அந்தப் பெருக்கல் குறி. நமக்கு வாத்தியார் பெருக்கல் போட்டால் தப்பு என்றுதானே அர்த்தம்? அவரைக் கண்டபடி திட்டினேன். சோறு இறங்கவில்லை என்றாரே, அந்த வார்த்தைக்காகப் பாதித் திட்டோடு நிறுத்திக்கொண்டேன். ஆனாலும் சொல்கிறேன், எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நாங்கள் ஜெயித்த ஆட்டம், என் மகளோடு பார்த்த கடைசி ஆட்டம், அதை நான் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். யாரிடம் போய் அதைத் திருப்பிக் கேட்பது?

இறுதிச் சுற்றில் தோற்றோம். அதை விடுங்கள்.

ஜூன் மாதம் மதுவைச் சேர்க்க நாங்கள் மூவரும் கோயம்புத்தூர் போனோம். விடுதி வார்டன் கண்டிப்பான அம்மாள். இரவு போனை வாங்கி வைத்துவிட்டு, காலையில் வகுப்புக்குக் கிளம்பும்போதுதான் கொடுப்பார்களாம். மது என்னைப் பார்த்தாள். அமெரிக்காவில் ஆட்டம் தொடங்கும்போது கோயம்புத்தூரில் விடிந்துகொண்டிருக்கும். அஜ்மானில் நானும் இங்கே அவளுமாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டே பார்ப்பது என்றுதான் திட்டம். கல்லூரிக்கு வந்த பெண்ணிடம் போனைப் பிடுங்கி வைப்பதாவது! ஏன் இப்படி என்று கேட்டேன். விதி என்றார். எல்லோருக்கும் அதே விதியா என்றேன். அப்பா அம்மா, நெருங்கிய சொந்தம் அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும், அங்கத்து நேரத்துக்குப் பேச வேண்டும் என்பதால், விடிகாலையிலேயே கொடுத்துவிடுவார்களாம். துபாய்க்கு அதெல்லாம் தேவையில்லையாம்.

“உங்களுக்கு அமெரிக்காவுல யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டார்.

இவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

“இருக்காங்க. ஒம்பது பேர்.”

“ஒரே ஊர்லயா?”

“ஒரே ஊர்லதான் மேடம்” என்றாள் மது, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

வார்டன் எங்கள் மூவரையும், வாசலில் கிடந்த பெட்டிகளையும் பார்த்தார். அவற்றில் இரண்டு மதுவுடையவை, ஒன்று மறுநாள் எங்களோடு அஜ்மானுக்குத் திரும்ப வேண்டியது.

“ஒம்பது பேரும் ஒண்ணா ஒரே ஊர்ல இருக்காங்களா?” என்றார். “குடுத்து வச்சவங்க.”